உடம்பில்லாத சிங்கம்

சிங்கத்தின் கை தாமதமாக வந்தது.

நடிகர் இந்தப் பக்கம் கையைத் தூக்கினால், திரையில் இருந்த சிங்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, மனுஷன் இவ்வளவு தூரம் சொல்கிறாரே என்று இரக்கப்பட்டதுபோல் தானும் தூக்கியது. கண் சிமிட்டும் நேரம்தான். வேறு யார் பார்த்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். மில்லி கவனித்துவிட்டார்.

மில்லி என்பது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. எதையும் மில்லி செகண்டில் அளந்து பேசுவதால் ஸ்டுடியோவில் விழுந்த பெயர். குடிக்கிற அளவோடு அதற்குச் சம்பந்தமில்லை என்று, புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அவரே முந்திக்கொண்டு விளக்குவார். அதனாலேயே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சாதாரணமாகக் கார்ட்டூன் படம் என்றால் ஒவ்வோர் அசைவையும் உட்கார்ந்து செதுக்கி, மாதக்கணக்கில் இழைத்துவிட்டுத்தான் காட்டுவார்கள். மில்லியின் மென்பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓர் அறையில் ஒரு மனிதர் சென்சார் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று நடிப்பார். பக்கத்து அரங்கின் திரையில் சிங்கம் அந்தக் கணமே அதையே செய்ய வேண்டும். சட்டையிலிருந்து கம்பி இல்லாமல் எண்கள் கிளம்பி வரும். அவற்றைப் பிடித்து, சிங்கத்தின் எலும்புகளுக்குப் பங்கு போட்டு, மேலே தோலைப் போர்த்தி, பிடரியையும் அசைத்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். இதை வடிவமைக்க மில்லிக்கு ஆறு வருஷம் ஆயிற்று. தலைமுடியில் பாதி அதிலேயே போயிற்று.

அந்த ஆறு வருஷத்துக்கும் இன்றைக்குத்தான் தீர்ப்பு. குழந்தைகள் சேனல் ஒன்றின் தலைவி, அரங்கு நிறையப் பள்ளிக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார். குழந்தைகளுக்குச் சிங்கத் தளபதியைப் பிடித்தால் தினமும் நேரலையில் ஒரு நிகழ்ச்சி. பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

"வெளியில ரெடிமேடா விக்கிறாங்க. அத வாங்கிப் போட்டுட்டு உங்களோடத அழிச்சுடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

தன் பிள்ளையை அழித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வருத்தப்படாதே என்கிறாரே என்று மில்லி காலையிலிருந்தே பொருமிக்கொண்டிருந்தார். அதனால்தான் ஒத்திகையில் அந்தக் கை தாமதமாக வந்ததும் மனிதர் நிதானம் இழந்தார்.

"இவ்வளவு ஆட்டம் வேணாம். சுருக்கமா தூக்குங்க," என்றார்.

நடிகர் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். கையைத் தூக்கு என்றால் வெறும் கையைத் தூக்க மாட்டார். அது எந்தப் போரில் வாள் பிடித்த கை, எங்கெல்லாம் காயம் பட்ட கை என்று யோசித்து, தோளிலிருந்து உணர்ச்சியைக் கிளப்பி மணிக்கட்டுவரை கொண்டுவந்து தூக்குவார். அத்தனை உணர்ச்சியும் மில்லிக்குக் கூடுதல் எண்கள்.

"அவன் தளபதி சார். சுருக்கமா எப்படித் தூக்குவான்?"

"தளபதி கம்ப்யூட்டர்ல இருக்கான், அவன நான் பாத்துக்கறேன். நீங்க நடிக்கவே வேணாம். சென்சார மாட்டி வைக்க ஒரு ஹேங்கர் வேணும், அவ்வளவுதான். ஹேங்கர் நடிக்குமா?"

நடிகரின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டிருந்த தையலக்கா கையை எடுத்துக்கொண்டார். சென்சார் சட்டைகளைத் தைப்பது, துவைப்பது, சார்ஜ் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. பார்த்தால் முன்னால் ஜிப் வைத்த சாதாரணக் கறுப்பு முழுக்கைச் சட்டைதான். பொத்தான் மாதிரி இருக்கும் சென்சார்களை உள்துணிக்குள் வைத்து வெளியே தெரியாமல் தைத்திருப்பார். அந்த வேலைப்பாட்டை மில்லி ஒருநாளும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. அவருக்குச் சட்டை என்பது திரையில் ஓடும் எண் வரிசை.

நடிகர் தூக்கிய கையை மெல்ல இறக்கினார். திரையில் சிங்கமும் இறக்கியது. இந்தத் தடவை தாமதமே இல்லை.

"சரி சார். ஹேங்கர் உள்ள போய் தொங்கறேன்," என்று சொல்லிவிட்டு, நடிகர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போகட்டும், எல்லாம் முடிந்த பிறகு சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று மில்லி இயந்திர அறைக்கு ஓடினார். அரங்குக்கும் நடிகர் அறைக்கும் நடுவில் இருந்த அந்த அறையில், கம்ப்யூட்டர்கள் சூடாகிவிடக் கூடாது என்று குளிரை வாரி இறைத்திருந்தார்கள். மனிதர்களைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பல் கிட்டித்தது. நல்லவேளை, நாற்காலி முதுகில் அவருடைய கறுப்பு ஸ்வெட்டர் கிடந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே மாட்டிக்கொண்டு ஜிப்பை இழுத்தார். அது பாதி வழியிலேயே சண்டித்தனம் பண்ணியது. மூச்சைப் பிடித்து இழுத்துப் போட்டபோது கக்கத்தில் இறுக்கிப் பிடித்தது. இடுப்பில் வேறு ஏதோ உறுத்தியது. பழைய பேனாவாக இருக்கும்.

இருக்கிற தலைவலி போதாது என்று இது வேறா. மென்பொருள் மறுபடி கிளம்பி ஓடத் தொடங்கும் இடைவெளியில் மனைவிக்கு போன் போட்டார்.

"என்ன பண்ணி வச்ச என் ஸ்வெட்டர? வெந்நீர்ல ஊற வச்சியா? சுருங்கிப் போய் மூச்சே விட முடியல."

"உங்க ஸ்வெட்டர நான் தொடவே இல்லையே."

"தொடாம எப்படிச் சுருங்கும்?"

"அது சுருங்கல. நீங்கதான் விரிஞ்சிருக்கீங்க," என்றாள் மனைவி நிதானமாக.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தப்பையாவது நீ ஒத்துக்கொண்டது உண்டா என்று தொடங்கி, போன வருஷம் உடைந்த கண்ணாடி ஜாடிவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு மில்லி போனை வைத்தார். மனசு கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது. இனி சிங்கத்தின் கை.

தாமதத்துக்குக் காரணம் அவருக்குத் தெரியும். ஒரே கம்ப்யூட்டர் இரண்டு படம் வரைகிறது. அரங்கின் பெரிய திரைக்கு ஒன்று, இந்த அறையில் அவர் பார்ப்பதற்கு ஒன்று. போதாததற்கு மூலையில் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று, அதைச் செய்கிறேன் இதைச் செய்கிறேன் என்று ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். தன் படத்தை அணைத்தார். எச்சரிக்கைப் பெட்டியையும் மூடினார். பாரம் குறைந்ததும் சிங்கம் மின்னலாகிவிட்டது என்று எண்கள் சொன்னன. ஆனால் சிங்கத்தை இனிமேல் அவர் கண்ணால் பார்க்க முடியாது.

பரவாயில்லை. அரங்கில் ஒலிக்காரர் இருக்கிறார். தளபதியின் வீர வசனங்களை முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஒலிக்காரர் அவற்றை ஓடவிடுவார், நடிகர் அதைக் கேட்டுக்கொண்டே உடம்பால் நடிப்பார், கோட்டைச் சுவருக்குப் பின்னால் இடுப்புக்கு மேல் மட்டும் தெரிகிற சிங்கம் திரையில் கர்ஜிக்கும். மில்லி ஒலிக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டார். உலகமே இடிந்து விழுந்தாலும் 'ஒரு சத்தம் கேட்டுச்சு சார்' என்று மட்டும் சொல்லக்கூடிய மனிதர் அந்த ஒலிக்காரர்.

"குழந்தைங்க உக்காந்தாச்சு. சேனல் அம்மா வந்தாச்சு. முதலாளி வேர்வையத் தொடச்சுக்கறாரு. ஆரம்பிக்கலாமா சார்?"

"ஆரம்பிங்க."

எக்காளம் முழங்கியது. மில்லி எண்களைப் பார்த்தார். சிக்னல் மிக நன்று என்று காட்டியது. நடிகர் அறையிலிருந்து இவ்வளவு பலமான சிக்னல் இதுவரை வந்ததே இல்லை. சுவர் இடையில் இருப்பதே தெரியவில்லை. நம் வடிவமைப்பு என்றால் சும்மாவா என்று மில்லி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தளபதி வந்துட்டாரு," என்றார் ஒலிக்காரர்.

"எப்படி நிக்கறாரு?"

"உக்காந்த மாதிரி நிக்கறாரு."

"அப்படின்னா?"

"கூனிக்கிட்டு. வீட்டுப்பாடம் எழுதற பிள்ள மாதிரி."

அரங்கில் தளபதியின் கம்பீரக் குரல் எழுந்தது. 'நான் சிங்கத் தளபதி. அச்சம் என்ற சொல்லையே அறியாதவன்.' மில்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடிகரின் முதுகெலும்புக்கான எண்களைத் திருத்த ஆரம்பித்தார்.

"இப்ப நிமிந்தாரா?"

"இல்ல சார். பியானோ வாசிக்கறாரு."

"என்னது?"

"கோட்டச் சுவர் மேல ரெண்டு கையையும் வச்சு டொக்கு டொக்குன்னு வாசிக்கறாரு. பிள்ளைங்க சிரிக்குதுங்க."

இது நடுக்கம் என்று மில்லி புரிந்துகொண்டார். சிக்னலில் அழுக்கு சேர்ந்தால் கை இப்படித்தான் வெடவெடக்கும். அதற்கு மருந்து, அசைவுகளை இழைத்து வழவழப்பாக்குவது. அந்த அளவைக் கூட்டினார். கூட்டியது போதவில்லை என்று இன்னும் கூட்டினார். விரல்கள் விசைப்பலகையில் பறந்தன.

"இப்ப?"

"இப்ப உருகி உருகி வாசிக்கறாரு சார். முன்ன விட நல்லா இருக்கு."

மில்லிக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். அப்போது போனில் மனைவியின் அழைப்பு வந்தது. துண்டித்தார்.

"முதலாளி உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொன்னாரு," என்றார் ஒலிக்காரர்.

"என்ன வார்த்த?"

"குழந்தைங்க இருக்காங்க, அப்புறமா சொல்றேன்."

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தையலக்கா தலையை மட்டும் நீட்டினார்.

"சார், ரெண்டாம் நம்பர் சட்டையக் காணோம். சார்ஜ் போட்டு இங்கதான் எங்கயோ—"

உயிர் போகிற நேரத்தில் சட்டை தேடி வந்திருக்கிறாள் பாருங்கள் என்று மில்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், ஷோ முடியட்டும், இப்போது ஆளை விடுங்கள் என்று விரட்டினார். கதவு சாத்திக்கொண்டது.

இரண்டாம் நம்பர் சட்டை அவருடைய ஏற்பாடுதான். மென்பொருளில் அவர் பெருமைப்படும் விதி ஒன்று உண்டு: திரையில் உருவம் உடம்பில்லாமல் நிற்கக் கூடாது. நடிகரின் சட்டையில் பேட்டரி தீர்ந்து சிக்னல் நின்றால், மென்பொருள் யாரையும் கேட்காமல் உயிரோடு இருக்கிற அடுத்த சட்டைக்கு அந்தக் கணமே தாவிவிடும். மாற்று நடிகர் அதைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றால் போதும், பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. இதற்காக ஒரு மாநாட்டில் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறார். மாற்று நடிகரைத்தான் முதலாளி சிக்கனம் கருதி வேலைக்கு வைக்கவில்லை.

"சார்," என்றார் ஒலிக்காரர். "'மக்களே, என் கதவு உங்களுக்காக என்றும் திறந்திருக்கும்'னு வசனம் ஓடுச்சு."

"ஆமா, அதுக்கு ரெண்டு கையையும் விரிக்கணும். விரிச்சாரா?"

"போ போன்னு வெரட்டிட்டாரு. கோட்ட வாசல்ல யாரோ கடன் கேட்டு வந்த மாதிரி."

அரங்கின் சிரிப்பு இப்போது சுவரைத் தாண்டியே கேட்டது. மில்லிக்குப் பொறி தட்டியது. இது சிக்னல் கோளாறு இல்லை. சிக்னல் மிக நன்று என்று எண்கள் சொல்லும்போது கோளாறு எங்கிருந்து வரும்? இது வன்மம். ஹேங்கர் என்று சொன்னதற்குப் பழிவாங்குகிறான் மனுஷன். வசனத்துக்கு நேர் எதிராக வேண்டுமென்றே செய்கிறான். ஆறு வருஷ உழைப்பை ஒரு நாடகக்காரன் கோட்டைச் சுவர்மேல் வைத்து நசுக்குகிறான்.

சரி, நசுக்கட்டும். நம்மிடமும் ஆயுதம் இருக்கிறது. சிறிய அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை மில்லி வைத்திருந்தார். எப்படியும் ஒரு கட்டத்தில் நடிகருக்குள் இருக்கும் கலைஞன் விழித்து, துளியாவது வீரம் காட்டத்தான் போகிறான். அந்தத் துளியைக் கடலாக்கிவிடலாம். அளவை உச்சத்தில் வைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சொல்லுங்க. பெருசா ஏதாவது பண்ணாரா?"

"மூஞ்சியத் தொடச்சாரு சார். பாதிக் கோட்டையத் தொடச்ச மாதிரி இருந்துச்சு. முன் வரிசையில ஒரு பையன் நாற்காலியிலேர்ந்து விழுந்துட்டான்."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. விழுந்த இடத்துலயே சிரிச்சுக்கிட்டிருக்கான்."

மனைவி மறுபடி அழைத்தாள். துண்டித்தார்.

இனி ஒரே வழி, கையைக் காலைப் பிடிப்பதுதான். நடிகர் அறைக்குப் பேச மேசையில் ஒரு மைக் இருந்தது. மில்லி வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவர் அல்ல; வீட்டில் அது மனைவியின் இலாகா. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணே, நான்தான் பேசறேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான். நீங்க ஹேங்கர் இல்ல, நீங்கதாண்ணே உயிரே. என்னைய என்ன வேணா சொல்லுங்க, இதக் கெடுத்துடாதீங்க. ஆறு வருஷம்ணே. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆனால் ஒலிக்காரர் குரல் வந்தது.

"சார், 'பகைவனே, மண்டியிடு'ன்னு வசனம்."

"ம்."

"தளபதி பகைவனப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. குனிஞ்சு, நெத்தி சுவத்துல படற மாதிரி. ரெண்டு தடவ."

மில்லிக்குக் கண் இருட்டியது. கெஞ்சியதைக் கேட்டுவிட்டு, அந்தக் கெஞ்சலையே ஊர் சிரிக்க நடித்துக் காட்டுகிறான். இவ்வளவு கல்நெஞ்சுக்காரனா? பேசுகிற தொனியை மட்டும் கேட்டே மனிதன் எப்படிக் குனிவான், எப்படிக் கையெடுப்பான் என்று கண்டுபிடித்துவிட்டானே என்ற வியப்பும் ஒரு மூலையில் எழுந்தது. திறமைசாலிதான். அதுதான் இன்னும் வலித்தது.

இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லா அளவுகளையும் எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தாயிற்று, பழைய இடத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. சிரிப்பு குறையவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதிய வரிகள், மனைவியோடு போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போகாமல் உட்கார்ந்து எழுதிய வரிகள், எல்லாம் இன்று மாலையோடு சரி. மில்லி விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். அவர் தோற்றுவிட்டார். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டார்.

அரங்கில் கடைசி வசனம் ஓடியது. 'வெற்றி நமதே. சிங்கங்கள் கலங்குவதில்லை.' அதன்பின் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. மில்லி காத்திருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் கடைசியில், குரல் எழும்பாமல்.

"சுவத்து மேல தலையச் சாச்சுக்கிட்டாரு சார். தோள் குலுங்குது." ஒலிக்காரரின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "சின்னப் பொண்ணு ஒண்ணு எழுந்திரிச்சு, 'அழாத தளபதி, நாங்க இருக்கோம்'னு சொல்லுச்சு. இப்ப எல்லாப் பிள்ளைங்களும் சொல்லுதுங்க. சேனல் அம்மா கண்ணத் தொடைக்கறாங்க. நான் திரைய மூடிடறேன் சார். எனக்கு என்னவோ பண்ணுது."

மில்லி முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் கதவு திறந்துகொண்டது. முதலாளி வந்தார். அவருக்குப் பின்னால் சேனல் தலைவி, ஒலிக்காரர், கடைசியில் கதவோரமாகத் தையலக்கா. வேலை போகிறபோது இத்தனை பேர் சாட்சிக்கு வேண்டுமா என்று மில்லி எழுந்து நின்றார்.

முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சேனல் தலைவி நரைத்த தலையும் நிதானமான பேச்சுமாக இருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டே வந்திருப்பதாகச் சொன்னார். வீரமான சிங்கங்களைப் பார்த்துப் பார்த்துக் குழந்தைகளுக்கும் அலுத்துவிட்டது, தனக்கும் அலுத்துவிட்டது என்றார். வாய் ஒன்று பேச உடம்பு ஒன்று பேசுகிற சிங்கத்தை இன்றுதான் பார்க்கிறாராம்.

"வாய் பூரா வீரம், உடம்பு பூரா உதறல். ஒவ்வொரு வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருக்காரே," என்றார். "அந்த நடிகர நான் பாக்கணும். அவரத் தவிர வேற யாரும் இத நடிக்கக் கூடாது."

மில்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கெடுக்கப் பார்த்தவன் காப்பாற்றிவிட்டான். போய்க் கூப்பிடலாம் என்று திரும்பியபோது நடிகரே வாசலில் வந்து நின்றார். தோளில் பை தொங்கியது. கையில் முதலாம் நம்பர் சென்சார் சட்டையை மடித்து வைத்திருந்தார்.

"சார், என்ன மன்னிச்சுடுங்க," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "கோவத்துல ஷோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சட்டைய அணைச்சுக் கழட்டி வீசிட்டேன். இவ்வளவு நேரம் பின்படிக்கட்டுல உக்காந்திருந்தேன். உங்க உழைப்பக் கெடுத்துட்டேன். நானே வேலைய விட்டுப் போயிடறேன்."

முதலாளி நடிகரைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், கடைசியில் மில்லியைப் பார்த்தார்.

"அப்ப அவ்வளவு நேரம் சிங்கத்த ஆட்டினது யாரு?"

மில்லியின் மூளை மில்லி செகண்டில் வேலை செய்தது. நடிகர் இல்லை. அறை காலி. ஆனாலும் சிங்கம் ஆடியிருக்கிறது, அழுதிருக்கிறது, அரங்கையே அழவைத்திருக்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அவருக்குப் புல்லரித்தது.

"என் மென்பொருள்," என்றார்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மாதக்கணக்கில் நடிகரின் அசைவுகளை விழுங்கி விழுங்கி அது பழகியிருக்கிறது என்றார். உடம்பு இல்லை என்றதும் தானாகவே ஓர் ஆளை உருவாக்கிக்கொண்டது என்றார். அது இயற்கையாக நடப்பதற்கான அடித்தளத்தைத் தான் வருஷக்கணக்கில் யோசித்துப் போட்டிருந்ததாகவும் சேர்த்துக்கொண்டார். அவர் பேசப் பேச முதலாளியின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. அப்படியானால் இனி நடிகர் எதற்கு என்று முதலாளி கேட்டது நடிகரின் காதில் விழுந்தது. அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். மில்லிக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் ஆறு வருஷத்தில் முதல்முறையாகப் புகழ் வாசல் ஏறி வந்திருக்கும்போது அதைப் போ என்று எப்படிச் சொல்வது?

"அந்தக் கூனல், அந்த உதறல், அந்தக் கும்பிடு, எல்லாமே உங்க வடிவமைப்பா?" என்று கேட்டார் சேனல் தலைவி.

"ஒவ்வொண்ணும் என்னோடதும்மா."

"யார மனசுல வச்சுப் பண்ணீங்க?"

"யாரையும் இல்ல. அப்படி ஒரு பயந்தாங்கொள்ளிய உலகத்துல எங்கயும் பாக்க முடியாது. முழுக்க முழுக்கக் கற்பன."

தையலக்கா மட்டும் மில்லியின் கக்கத்தில் பிரிய ஆரம்பித்திருந்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் போன் அடித்தது. மனைவி. இந்தத் தடவை துண்டிக்க மனம் வரவில்லை. தன் கணவனை உலகம் கொண்டாடுவதை அவளும் கேட்கட்டுமே என்று மில்லி பெருமிதத்தோடு பொத்தானை அழுத்தினார். போன் இன்னும் ஸ்பீக்கரிலேயே இருந்தது.

"என்னங்க, கட் பண்ணிடாதீங்க," என்றாள் மனைவி, அறை முழுக்கக் கேட்கும்படி. "உங்க கறுப்பு ஸ்வெட்டர் இங்க நம்ம வீட்டு அலமாரியிலயே பத்திரமா இருக்கு, அப்ப யாரோடதப் போட்டுக்கிட்டு என்னத் திட்டினீங்க?"